நெற்றியைத் தொடாமல் விற்ற படம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் படங்கள் விற்றுவிட்டன. சுற்றி வளைத்துப் பேசினால் நீங்கள் எழுந்து வெளியே போய்விடுவீர்கள் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாப் படங்களும் இல்லை. கொஞ்சம்தான் போயிருக்கின்றன. மீதி மலையிலிருந்து இறங்கி வந்து, சேந்தமங்கலத்தில் என் வீட்டு மாடி அறையில், ஈரம் படாமல், சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கின்றன. வகுப்பில் தண்டனை வாங்கிய பையன்கள் மாதிரி.

நீங்கள் மலையில் ஓவிய ஆசிரியர், நான் கீழே அறிவியல் ஆசிரியர். என் தங்கை சரோஜாவைக் கட்டிக்கொண்டு திருப்புலி நாடு என்கிற மலையூரிலேயே தங்கிவிட்டீர்கள். முதலில் அவள் போய்ச் சேர்ந்தாள், பிறகு நீங்கள். பிள்ளைகள் இல்லாததால் வீட்டையும் படங்களையும் என் பெயருக்கு எழுதி வைத்திருந்தீர்கள். படங்களை என்ன செய்வது என்று மட்டும் எழுதவில்லை. உயிரோடு இருந்தபோது நான் கேட்டதற்கும் சிரித்தீர்களே தவிர, பதில் சொன்னதில்லை. அது சம்மதமா மறுப்பா, மாப்பிள்ளை?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சென்னையில் நீங்கள் படித்த காலத்தில் உங்களிடம் இரண்டு படம் வாங்கிய ஒருவர் இறந்துபோனார். அவருடைய பிள்ளைகள் அவற்றை ஓர் ஏல நிறுவனத்தில் கொடுத்திருக்கிறார்கள். எதிர்பார்த்ததற்கு மேல் விலை போயிருக்கிறது. யார் இந்த ஆள், இன்னும் படங்கள் இருக்கின்றனவா என்று தேடிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விசாரித்து என்னிடம் வந்துவிட்டார்கள். வந்தது ரேவதி என்ற பெண். நம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் பெண்கள் மாதிரி, கேள்வி கேட்டால் பதில் வரும்வரை விடாதவள். ஆனால் மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு முறை காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். உங்கள் வீட்டு வாசலில் இறங்கியதும் படம் கேட்கவில்லை, தண்ணீர்தான் கேட்டாள்.

படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, பின்பக்கம் பார்த்து, ஓரம் பார்த்து, எங்கே வெடிப்பு, எங்கே பூச்சி அரித்தது என்று எழுதிக்கொண்டாள். மருத்துவ முகாமில் பிள்ளைகளுக்குப் பல்லும் கண்ணும் பார்ப்பது போல. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏலத்துக்குக் கொண்டுபோவாள் என்று நினைத்து நான் வேனுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தேன். வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக விற்கலாம் என்றாள். சோளக்காட்டுச் சந்தையில் எல்லாரும் ஒரே நாளில் பலாப்பழத்தை இறக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன், புரிந்துவிட்டது. இந்த விலைக்குக் கீழே தருவதில்லை என்று ஒரு தொகையை முன்கூட்டியே நமக்குள் மட்டும் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்றாள். அதுவும் நமக்குப் புதிதில்லை. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்துச் சொல்வதுதானே.

எல்லாம் முடிந்த பிறகு பையிலிருந்து ஒரு பழைய கண்காட்சி அட்டையை எடுத்தாள். அதில் உங்கள் படம் ஒன்று அச்சாகியிருந்தது. தலைப்பு ‘மிளகு’. காயப்போட்ட மிளகின் நடுவே ஒரு பையன் நின்று, காலால் அதைக் கிளறிவிடுகிறான். பார்வை தன் பாதத்தின் மேல் இருக்கிறது.

“சார், இது எங்க இருக்கு? இத்தனை படத்துல இதுதான் முக்கியமானதுன்னு எங்க ஆளுங்க சொல்றாங்க.”

எனக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாயியின் மகன் மணி. பத்தாவது முடித்துவிட்டு மிளகு பறிக்க மரம் ஏறியவன், மழையில் வழுக்கி விழுந்து போய்விட்டான். அவனுக்கென்று ஒரு போட்டோகூட எடுத்திருக்கவில்லை. சென்னைக் கண்காட்சியிலிருந்து திரும்பி வந்த அந்தப் படத்தை நீங்களே தூக்கிக்கொண்டு போய்ப் பொன்னாயி வீட்டுச் சுவரில் மாட்டினீர்கள். சுத்தியலைக் கொடுத்தது நான்.

ரேவதியிடம், அது வேறொருவருடையது, விற்பனைக்கு இல்லை என்றேன். ஒரு தாயிடம் போய்க் கேட்கிற கேள்வியா அது? அவள் வற்புறுத்தவில்லை. அட்டையை மடித்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் திருப்புலி நாட்டில் வாசலில் பேசியது அடுத்த தோட்டத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும்? ரேவதி காரில் ஏறுவதற்குள் பொன்னாயி வந்துவிட்டார். தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

“ஏனுங்க வாத்தியாரே, என்ற பையனப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமயே பதில் சொல்லிப்போட்டீங்களாமா?”

உங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்றுதான் சொன்னேன் என்றேன்.

“வருத்தம் என்னுதுங்க. அத நான் பாத்துக்கறேன். ஊருல இருக்கற பசங்க எல்லாம் திருப்பூரு, கேரளான்னு பொழப்புக்குப் போயிட்டாங்க. என்ற பையன் மட்டும் இருவது வருசமா செவுத்துலயே நின்னுட்டு இருக்கறான். அவனும் ஒரு வேலைக்குப் போவ வேண்டாமுங்களா?”

அவர் கேலியாகத்தான் சொன்னார். ரேவதிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, எனக்கும்தான். பிறகு பொன்னாயி குரலை இறக்கி, வந்து பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை, அந்தச் சுவர் மழைக்கு ஊறுகிறது. நீங்கள் போன பிறகு அதிகமாகிவிட்டது. படத்தின் அடிப்பகுதியில் பூஞ்சைக் காளான் பிடித்து, மணியின் பாதம் ஒன்று பாதிதான் தெரிகிறது. போன ஐப்பசியில் துணியால் துடைத்தாராம், காளானோடு கலரும் சேர்ந்து வந்துவிட்டதாம். அதற்குப் பிறகு தொடவே பயம்.

“இன்னும் ரெண்டு மழைக்கு முட்டி வரைக்கும் போயிருவானுங்க. அப்பறம் மூஞ்சி. எங்கயோ ஒரு நல்ல ஊட்டுல இருந்தான்னா முழுசா இருப்பானில்ல.”

வாத்தியார் வேலையில் இத்தனை வருடம் இருந்தவன் நான். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் பதில் எழுதாதே என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்? படத்தை விற்றால் அவனை இழந்துவிடுவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விற்காவிட்டால்தான் இழப்பார்.

இன்னொன்றும் இருந்தது. இறந்தவர்களின் படத்துக்கு அமாவாசைக்கு அமாவாசை சந்தனமும் குங்குமமும் திருநீறும் வைப்பது நம் பக்கத்து வழக்கம். எல்லார் வீட்டிலும் அது கண்ணாடி மேல் இருக்கும், அடுத்த முறை துடைத்துவிட்டு வைப்பார்கள். நீங்கள் உங்கள் படங்களுக்குக் கண்ணாடி போட விட்டதில்லை. கண்ணாடி போட்டால் படத்தைப் பார்க்க மாட்டார்கள், தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்பீர்கள். அதனால் பொன்னாயி வைத்ததெல்லாம் நேராக மணியின் நெற்றியில்தான். இருபது வருடத்துத் திருநீறும் சந்தனமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, விரலில் தட்டுப்படுகிற கனத்துக்கு வந்திருக்கிறது. நீங்கள் அந்த வீட்டுக்குப் போகாத வாரம் இல்லை. பார்த்திருப்பீர்கள். ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

ரேவதி நெற்றியை ரொம்ப நேரம் பார்த்தாள். பழைய படங்களைச் சீர்படுத்துகிறவர் ஒருவர் அவர்களிடம் இருக்கிறாராம். காளானைச் சுத்தம் செய்து, வண்ணம் போன இடத்தை நிரப்பி, இதற்குமேல் பரவாமல் நிறுத்திவிடுவார். நெற்றியில் ஏறிய இந்தப் பூச்சையும் அடியில் உள்ள வண்ணம் கெடாமல் எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் வாங்குகிறவர்கள் யோசிக்காமல் கேட்பார்கள், விட்டுவைத்தால் தயங்குவார்கள். விலையிலும் அது தெரியும். மறைக்காமல் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். பொன்னாயியும் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

“காலத் தொடைங்க, கையத் தொடைங்க, என்ன வேணும்னாலும் பண்ணுங்க கண்ணு. நெத்திய மட்டும் தொடாதீங்க. ஊருக்குப் போற பையனுக்குத் துண்ணூறு வெச்சுத்தான் அனுப்புவோம். வெச்சத அழிச்சுட்டா அனுப்புவாங்க?”

ரேவதி வெளியே போய், சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று அலுவலகத்துக்குப் பேசினாள். நெடுநேரம் பேசினாள், கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். இறங்கி வந்து, அப்படியே எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள், ஆனால் நெற்றியில் இருப்பது என்ன என்று விற்பனைப் புத்தகத்தில் விளக்கம் வர வேண்டும், அதை நீங்கள் எழுதித் தாருங்கள் சார் என்றாள். எழுதிக் கொடுத்தேன். படத்தை நீங்கள் பொன்னாயிக்குக் கொடுத்ததற்கு நானே சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். படத்தைப் பஞ்சு விரிப்பில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தபோது பொன்னாயி அழவில்லை. பெட்டியை நிமிர்த்தி வையுங்கள், தலைகீழாகப் போகிறான் என்று ஆட்களைத் திட்டினார்.

ஏலத்தன்று காலை பஸ்ஸில், ஒரு பை மலைவாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார். மலையில் சிக்னல் நிற்காது என்பதால் என் மருமகளின் லேப்டாப்பில் பார்ப்பதாக ஏற்பாடு. உங்கள் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சோளக்காட்டு ஏலம் போலக் கத்தல் இல்லை. ஒருவர் நின்று மெதுவாக விலையைச் சொல்லிக்கொண்டே போகிறார், உட்கார்ந்திருக்கிறவர்கள் கையிலிருக்கும் எண் அட்டையைத் தூக்குகிறார்கள், சிலர் தொலைபேசியில் கேட்கிறார்கள்.

“என்னங்க இது, எழவு ஊட்டுல யாவாரம் பண்ற மாதிரி பண்றாங்க” என்றார் பொன்னாயி.

மணி திரையில் வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாதம் முழுதாகத் தெரிந்தது. நெற்றியும் அப்படியே இருந்தது. முதலில் யாரும் அட்டையைத் தூக்கவில்லை. ஒருவருமே கேட்காவிட்டால் இந்த அம்மாவிடம் என்ன சொல்வது? பிறகு ஓர் அட்டை உயர்ந்தது. அப்புறம் தொலைபேசியில் ஒருவர். இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். ரேவதி போட்டிருந்த மதிப்பைத் தாண்டி, தொலைபேசிக்காரருக்கு முடிந்தது. சுத்தியலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

பொன்னாயி விலையைக் கேட்கவில்லை. யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டார். அதைச் சொல்ல மாட்டார்கள், வாங்குகிறவர் பெயரை ரகசியமாக வைப்பது அவர்கள் முறை என்றேன். எந்த ஊர் என்றாவது? அதுவும் இல்லை. நான் எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொன்னேன். பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயர் இருக்காது, திருத்துகிறவர் யார் என்று மாணவனுக்குத் தெரியாது, மாணவன் யார் என்று அவருக்குத் தெரியாது, அப்போதுதான் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

“பேப்பருக்கு அம்மா கெடையாதுங்க வாத்தியாரே” என்று சொல்லிவிட்டு, வாழைப்பழம் ஒன்றை உரித்து என் கையில் கொடுத்தார்.

பணம் அவர் கணக்குக்கு வந்துவிட்டது. சுவரை இடித்துக் கட்டி, கூரைக்குப் புதுத் தகடு போட்டாயிற்று. ரேவதி அந்தப் படத்தை அதே அளவில் அச்சடித்து, கண்ணாடி போட்டு அனுப்பினாள். அது இப்போது காய்ந்த சுவரில் இருக்கிறது. அமாவாசைக்குத் திருநீறு வைத்துவிட்டு, இது துடைத்தால் போய்விடுகிறது என்று பொன்னாயி குறைப்பட்டுக்கொண்டார். அசல் படத்தை விற்றது சரிதானா என்று நான் ஒருமுறை கேட்டேன். எந்த ஊர் என்று தெரிந்திருந்தால் சரி என்றார்.

போன வாரம் ரேவதி போன் செய்தாள். வாங்கினவர்கள் அவள் மூலமாக ஒன்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பையனின் பெயர் என்ன?

எனக்குச் சட்டென்று உறைத்தது. விற்பனைப் புத்தகத்துக்கு நான் எழுதியதில் திருநீறு பற்றி இருந்தது, அமாவாசை பற்றி இருந்தது. ‘ஓவியரின் பக்கத்து வீட்டுப் பையன்’ என்றும் இருந்தது. உங்கள் தலைப்பு ‘மிளகு’. பெயர் எங்கேயும் இல்லை.

இந்த முறை நானாகப் பதில் சொல்லவில்லை. மறுநாள் பஸ் ஏறி மேலே போய்ப் பொன்னாயியிடம் கேட்டேன். களத்தில் மிளகு காயப்போட்டிருந்தார். காலால் கிளறுவதை நிறுத்தினார். அமாவாசைக்குத் திருநீறு வைக்கச் சொல்லட்டுமா என்றும் கேட்டேன்.

“வேண்டாமுங்க. அவங்க பழக்கம் என்னமோ. பேரு மட்டும் சொல்லுங்க. மணின்னு. குனிஞ்சே நிக்கறான்னு நெனச்சுக்கப் போறாங்க. கூப்புட்டா நிமுந்து பாப்பான்.”

அப்படியே ரேவதியிடம் சொன்னேன், ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. எழுதிக்கொண்டேன் சார் என்றாள். வாங்கினவர்கள் எந்த ஊர் என்று இன்னும் நமக்குத் தெரியாது. ஆனால் அந்த ஊரில் ஒரு வீட்டில் அவன் பெயர் தெரியும்.

மாப்பிள்ளை, மாடி அறையில் மீதியுள்ள படங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மரவள்ளிக்கிழங்கு தோண்டுகிறவர், குடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற பெண், சிரித்துக்கொண்டு திரும்புகிற கிழவர். அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். தினமும் பார்க்கிறவர்களின் பெயரை யார் எழுதி வைப்பார்கள்? நானும் உங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஏலத்துக்கு ரேவதி வருவதற்குள் அந்தப் படங்களை எல்லாம் போனில் எடுத்துக்கொண்டு திருப்புலி நாட்டில் வீடு வீடாகப் போகப் போகிறேன். இது யார், இருக்கிறாரா, கொடுக்கலாமா என்று கேட்பேன். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் படம் இங்கேயே இருக்கும். சரி என்றால், பின்பக்கத்துச் சட்டத்தில் பெயரைப் பென்சிலால் எழுதுவேன். காலையில் பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பதுதானே என் முதல் வேலை. ஒரு பெயரும் விடாமல் கூப்பிட்டு முடிக்கிறேன்.

சரோஜாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவளை நீங்கள் வரைந்த படம் விற்பனைக்கு இல்லை. அதை அவளிடம் கேட்டுத்தான் முடிவு செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
சரோஜாவின் அண்ணன்.