டப்பாவில் ஒட்டிய பெயர்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை, ஆரம்பித்துவிட்டேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா, "ஸ்பீக்கர்ல போடுடா, நானும் கேக்கணும்" என்று ஒட்டி உட்கார்ந்துவிடுகிறாள். என் அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது என்பதால் கடிதம்தான் நமக்குப் பாதுகாப்பு.

முதலில் நல்ல சேதி. என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இன்னும் நாற்பது நாள். மாப்பிள்ளை லாரி ஷெட்டில் மெக்கானிக். அவன் ஸ்பானரைக் கையில் எடுத்தாலே என்ஜின் பயந்துபோய் ஸ்டார்ட் ஆகிவிடும் என்கிறார்கள். அவனுடைய அப்பா கெடுபிடியான ஆள். நம் தெருவில் வீடு வீடாக விசாரித்த பிறகுதான் வாயைத் திறந்தார். நான் பேசப் பேச, மனுஷன் கையிலிருந்த டீ ஆறியதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரம் அக்கா குளிக்கப் போன நேரத்தில், உன் பெண்சாதியைப் பற்றி நீ போனில் ரகசியமாகக் கேட்டாய். "மாமா, உண்மையைச் சொல்லுங்க. அவளுக்கு டிபி இருக்கா, இல்லையா? அந்த டப்பால நான் துப்பவே இல்லைங்கிறா. அவங்க அப்பாவும் பேப்பர் அனுப்பியிருக்கார்." சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நீ வெளியூர் வேலைக்குப் போன நாலாம் மாதம் உன் பெண்சாதிக்கு இருமல் வந்தது. தையல் கம்பெனியில் துணி வெட்டுகிற மேசைக்கடியில் பஞ்சு கூட்டுகிற வேலை அவளுக்கு. இருமாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் நம் ஜன்னலுக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். இங்கே கொட்டாவி விட்டால் அங்கே வாய் திறக்கும். "இவ இருமுறது தெருவுக்குக் கேட்டா உன் பொண்ணை எவன் கட்டுவான்?" என்றாள் அக்கா. நான் யோசிக்கவே இல்லை. ஜன்னலைச் சாத்தி ஒன்பது ஆணி அடித்தேன். பட்டாளமே வந்தாலும் திறக்க முடியாது. கைக்குழந்தையோடு ஐந்து பேர் அந்த ஒரே அறையில்தான் படுத்தோம். புழுக்கத்தைத் தவிர வேறு குறை இல்லை.

ஆனால் சுகாதார நர்ஸம்மாவுக்கு ஆணி அடிக்க முடியுமா? வீடு வீடாக வந்தவர், இவள் இருமுவதைக் கேட்டுவிட்டு, இவள் பெயரை எழுதி ஒட்டிய டப்பா ஒன்றைக் கொடுத்தார். விடிந்ததும் வருகிற முதல் சளி வேண்டுமாம். அக்கா என்னைப் பார்த்தாள். நம் வீட்டில் வைத்தியம் என்றால் நான்தானே. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை வாசலில் இரண்டு வருஷம் காவல் நின்றவன். பெரிய டாக்டரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நீ என்னய்யா நினைக்கிறே?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். அரை டாக்டர் என்று தெரு என்னைச் சும்மாவா கூப்பிடுகிறது?

அவள் சளி போனால் நோய் இருக்கிறது என்று வந்தாலும் வரும். என் சளி போனால் எப்படி வரும்? எனக்கு இருப்பது முப்பது வருஷத்துப் பீடி இருமல். அதை எந்த டாக்டரும் நோயில் சேர்க்க மாட்டார். ஆகவே அவளிடம், "நீ வேலைக்குப் போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். மாமா சொன்னால் சரி என்று போய்விட்டாள். கக்கூஸுக்குப் பின்னால் போய், அடிவயிற்றிலிருந்து இழுத்துத் துப்பி, மூடியை இறுக்கி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர், இவ்வளவு சரியாக யாரும் கொண்டுவந்ததில்லை என்றார்.

மருமகனே, இருக்கிறது என்று வந்துவிட்டது.

நர்ஸம்மா மாத்திரைப் பெட்டியோடு வாசலில் நின்றபோது தெருவில் பாதிப் பேர் பார்த்தார்கள். உன் பெண்சாதி, "நான் அதுல துப்பவே இல்லை அத்தை. மாமாவைக் கேளுங்க" என்றாள். அக்கா கேட்டாள். என் பெண் கதவோரம் நின்றிருந்தாள். நான், "பயத்துல நீதாம்மா மறந்துட்டே. நீ துப்பினதைத்தான் நான் கொண்டு போனேன்" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அவளை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் அக்கா. பால் குடிக்கிற பத்து மாதக் குழந்தையை, "உன் சீக்கு இதுக்கும் ஒட்டணுமா?" என்று இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். மாத்திரைப் பெட்டி இங்கேயே தங்கிவிட்டது. தவறாமல் சாப்பிடுகிறாள் என்று நர்ஸம்மாவிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டது நான். ஒரே மாதத்தில் இருமல் போய், உடம்பு தேறி, சட்டைப் பொத்தான் தெறித்துவிட்டது. குணமான பிறகும் மருந்து தின்கிறவன் மடையன் என்று மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினேன்.

பிறகு உன் மாமனார் வந்தார். சைக்கிள் கடையிலிருந்து நேராக வந்திருப்பார் போல, கையெல்லாம் கிரீஸ். அவள் ஊரில் இரண்டு முறை சோதித்து, இரண்டு முறையும் இல்லை என்று வந்த பேப்பரை நீட்டினார். பஞ்சு வேலையை விட்டதும் இருமலே நின்றுவிட்டதாம். அக்கா அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, "அரை டாக்டரு, நீ பாத்துச் சொல்லு" என்று பேப்பரை என்னிடம் கொடுத்தாள். நானும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பழைய மிஷின். இதுல எல்லாருக்கும் இல்லேன்னுதான் வரும்" என்றேன். அவர் சண்டை போடவில்லை. "குழந்தையை ஒரு தடவை காட்டுங்க. எப்படி இருக்குன்னு அவ கேப்பா" என்றார். "கண்ணு பட்டாலும் ஒட்டிக்கும்" என்று கதவைச் சாத்திவிட்டாள் உன் அம்மா. உனக்கு வேறு பெண் பார்க்கவும் சொல்லி வைத்திருக்கிறாள்.

உன் கேள்விக்குப் பதில் அதுதான். அவளுக்கு இல்லை.

இனி எழுதுவதில் நான் கைச்சரக்கு எதுவும் சேர்க்கவில்லை. எனக்கு இருமல் திரும்பி வந்துவிட்டது. ரத்தமும் வருகிறது. பல் ஈறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். தன் அம்மா போனதிலிருந்து குழந்தை வேறு யாரிடமும் தூங்குவதில்லை. என் மார்பில் போட்டுத் தட்டினால்தான் தூங்கும். மூன்று வாரமாக அதுவும் இருமுகிறது. நேற்று நர்ஸம்மா அதன் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "விலா எலும்பை எண்ணலாம் போலிருக்கே. குழந்தையை உடனே கூட்டிட்டு வாங்க. இருமுற பெரியவங்களும் வாங்க" என்றார். "கல்யாண வீட்டு வாசல்ல வந்து நிக்காதே" என்று விரட்டிவிட்டாள் அக்கா. அதற்கு முன்பே ஒருநாள் நானே தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

சம்பாதிக்கிற மகன் நீ எழுதினால் கேட்பாள். போனில் சொன்னால் அழுதே உன்னை மடக்கிவிடுவாள். எழுத்தில்தான் வர வேண்டும். ஆனால் உண்மையை எழுதிவிடாதே. உன் கடிதத்தை அவள் எதிர்வீட்டுத் தையல்காரரிடம்தான் படிக்கக் கொடுப்பாள். நானும் என் பெண்ணும் மறைத்துப் படிப்போம் என்று அவளுக்குச் சந்தேகம். தையல்காரர் வாய்க்குப் போனால் சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். கல்யாணம் நிற்கும். உன் அம்மாவும் அதை நம்ப மாட்டாள். குழந்தை வீட்டிலேயே கிடக்கும்.

அதனால் இப்படி எழுது. "தாயிடமிருந்து குழந்தைக்கு ஒட்டியிருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று. அதை உன் அம்மா அந்த நிமிஷமே நம்புவாள். மறுநாளே குழந்தைக்கு மருந்து கிடைத்துவிடும். யாரிடமிருந்து வந்தது என்று நர்ஸம்மா கேட்டாலும் கவலை இல்லை, ரிஜிஸ்டரில் ஏற்கெனவே இருப்பது அவள் பெயர்தான். நாற்பது நாள் அவள் பொறுத்துக்கொள்ளட்டும். கல்யாணம் முடிந்த மறுநாள் நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நானே காரில் போய் அவளை அழைத்து வருவேன்.

இதை எழுதும்போது குழந்தை என் மடியில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் பேனாவைப் பிடுங்கும். இன்று சும்மா படுத்திருக்கிறது. நீ யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளாதே. எழுதும்போது உன் பெண்சாதி பெயரை மட்டும் தெளிவாக எழுது, தையல்காரருக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று மனசார வாழ்த்தும்,

உன் தாய்மாமன்