பட்டி பூசிய வேன்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

நாம் ஊர் சுற்றுவதற்கென்று, படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய வேன் ஒன்றை வாங்கினேனே, அதை மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் திருப்புளியால் தட்டியதும் அடித்தகடு அப்பளமாக நொறுங்கியது. துருவின்மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கையெழுத்து அழகாயிருந்தால் விடையைப் படிக்காமலே மார்க் போடுவோமே, அப்படித்தான் ஏமாந்தேன்.

விற்றவர், தினமும் என்னோடு சாப்பிடும் கணக்கு வாத்தியார். கேட்டதற்கு, "நீங்களும் பெயிண்ட் அடிச்சு யார் தலையிலயாவது கட்டிடுங்க சார்!" என்று சிரிக்கிறார்.

எனக்கு மனம் வரவில்லை. பழுதுபார்க்கச் சொல்லிவிட்டேன். நீ வருவதற்குள் ஓடும், கவலைப்படாதே.

பழைய போர்வை ஒன்று அனுப்பு. முடிந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய். இப்போது தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

பெல் அடித்துவிட்டது.

உன் வாத்தியார்