சித்தி நடக்க ஒரு தரை

ஹோல்ம் லேக், மினசோட்டா
ஏப்ரல் 27, ஞாயிறு காலை

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

பதினான்காம் எண் பள்ளிப் பேருந்தின் தலைமை மாலுமியும், இந்த மாவட்டத்துக் கம்பளங்களுக்கெல்லாம் எமனுமான உன் சித்தப்பா ஆர்லன் எழுதுவது. இங்கே நான் நலம், இடது கட்டைவிரல் நீங்கலாக. அதன் மேல் ஒரு சுத்தியல் விழுந்தது, சுத்தியல் பிழைத்துக்கொண்டது. மார்லிஸ் சித்தியும் நலம். எங்கே இருந்துகொண்டு நலம் என்பதை மட்டும் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், இப்போதே சொன்னால் மீதிக் கடிதத்தை நீ படிக்க மாட்டாய். உலகத்தின் அடிப்பக்கத்தில் நீயும் நீ எண்ணுகிற பென்குவின்களும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொள்கிறேன். இங்கே ஏரியில் ஐஸ் இன்னும் முழுதாக உடையவில்லை, நம் வீட்டு வடக்குப் பக்கத்துப் பனிக்குவியலில் ஒரு கரடிக் குடும்பம் வாடகைக்கு வந்திருப்பதாகக் கேள்வி. சர்ச்சுப் பெண்கள் இதுவரை பதினோரு பாத்திரம் ஹாட்டிஷ் என்கிற கலவைச் சாப்பாடு கொண்டுவந்து தந்திருக்கிறார்கள், பதினொன்றிலும் உருளைக்கிழங்கு உருண்டை. இனி நான் குனிந்தால் முளைவிடுவேன்.

மார்ச்சில் சித்தி ஐஸில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்ததும், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும், அடுத்த ஊர் சிகிச்சை விடுதியில் நடை பழகப் போனதும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் டார்சி என்கிற பிசியோதெரபிப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இருபத்துநாலாம் தேதி வியாழக்கிழமை வீட்டை வந்து பார்ப்பேன், வாக்கர் வைத்து நடக்கத் தோதாக இருந்தால் சனிக்கிழமை மார்லிஸை அனுப்புவேன், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். அந்த வேறு இடம் தயாராக வாசலில் நின்றது. உன் லாவான் பெரியம்மாதான். அக்கா என்ற முறையில் அரிசோனாவிலிருந்து பறந்து வந்து, விடுதிக் கட்டிலின் காலடியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க ஊருக்கு வந்துடு மார்லிஸ், அங்க ஐஸும் இல்ல, படியும் இல்ல, ஆர்லனும் இல்ல" என்றாள். வந்தால் திரும்ப வேண்டாமாம், வீட்டை விற்றுவிடலாமாம், நானும் பின்னால் வந்து சேர்ந்தால் ஆட்சேபணை இல்லையாம். சித்தி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அரிசோனாவுல ஏப்ரல் மாசம் ஜனங்க என்னத்தைப் பத்தி முனகுவாங்க" என்று மட்டும் கேட்டாள். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவனுக்கு அது போதும். ஏரி ஐஸைத் திட்ட முடியாத ஊருக்குப் போக அவளுக்கு மனசில்லை.

டார்சி கொடுத்த பட்டியலில் மூன்றே வேலை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, சாப்பாட்டு அறையில் கட்டில், கூடத்தில் இருக்கிற தடிமனான கம்பளம் வெளியே, ஏனென்றால் அதில் வாக்கர் கால் சிக்குமாம். காலை பஸ் முடிந்து ஒன்பது மணிக்கு வந்தால் மறுபடி ஒன்றரைக்குத்தான் கிளம்ப வேண்டும், இடையில் இருக்கிற நாலரை மணி நேரத்தில் ரோம் நகரத்தையே கட்டி, கூட்டிப் பெருக்கியும் வைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியாதா. கம்பி முதல் நாள். கட்டில் இரண்டாம் நாள். குளியலறையையும் கழுவினேன், குளியல் தொட்டிக்குப் பின்னால் இருந்த அழுக்கு பனியுகத்தைச் சேர்ந்தது, அதில் ஒரு யானைக் கொம்பு கிடைக்காததுதான் ஆச்சரியம். மூன்றாம் நாள் கூடத்துக்கு வந்தேன். ஹீட்டர் பக்கத்து மூலையில் கம்பளத்தை ஒரு முழம் தூக்கிப் பார்த்தால், அடியில் ஓக் மரத் தரை, தேன் நிறத்தில். நூறு வருஷ வீட்டில் இப்படி ஒரு புதையல் இருப்பது தெரியாமல் இத்தனை காலம் அதன் மேல் செருப்போடு நடந்திருக்கிறோம். பஸ்ஸில் குழந்தைகளிடம் சொன்னேன், தபால்காரரிடம் சொன்னேன், ஹார்டுவேர் கடையில் வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் சொன்னேன். அப்புறம் வந்து கம்பளத்தைக் கத்தியால் கீறிக் கீறிச் சுருட்டினேன். அடியில் இருந்த பஞ்சு மெத்தை பிஸ்கட் மாதிரி நொறுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது, அதைத் தரையோடு பிடித்திருந்த ஸ்டேப்பிள் பின்கள் நாற்பத்தெட்டு லட்சம், ஒவ்வொன்றையும் குறடால் பிடுங்கினேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பெயர் வைத்துத் திட்டினேன். சோபா இருந்த இடத்தில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு நகப்பாலிஷ் கறை, ஊதா நிறம், கம்பளத்தைத் தாண்டி மரம் வரைக்கும் இறங்கியிருக்கிறது. உன் அப்பா அம்மா போன பிறகு ஒன்பது வயதில் எங்களிடம் வந்தவள், பதின்மூன்று வயதில் திடீரென்று, சோபாவை ஜன்னலோரம் போட்டால் வீடு அழகாக இருக்கும் என்று அடம்பிடித்தாயே, அந்தக் கலையார்வத்தின் காரணம் இப்போது விளங்குகிறது. மன்னித்துவிட்டேன். சித்தியிடம் சொல்லிவிட்டேன்.

நடுவுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. சுவரோரமாக இரண்டடி அகலத்துக்கு ஓக், அதோடு சரி. அந்தக் காலத்தில் வீடு கட்டிய புண்ணியவான், நடுவில்தான் எப்படியும் விரிப்புப் போடுவார்களே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிகிற விளிம்புக்கு மட்டும் நல்ல மரம் போட்டுவிட்டு, நடுவில் அடித்தளத்துப் பைன் பலகையை மொட்டையாக விட்டுவிட்டான். பலகைக்குப் பலகை இடைவெளி, என் சுண்டுவிரல் போகும். அதைவிட மோசம், ஓக் முடிகிற இடத்தில் முக்கால் அங்குலப் பள்ளம், இத்தனை நாள் நடுவில் இருந்த இரட்டை மெத்தை அதை நிரப்பி மறைத்திருந்தது. கூடம் முழுக்க நீச்சல்குளம் மாதிரி ஒரு சதுரக் குழி. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வருகிறவள் அந்த விளிம்பில் கால் வைத்தால் நேராக மறுபடி ஆஸ்பத்திரிதான். கம்பளம் இருந்தபோதாவது சிக்கும், இப்போது விழுவாள். அன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை டார்சி.

பக்கத்து வீட்டு டுவேன் இருக்கிறானே, பனி ஒதுக்கும் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவன், அவனுக்குத் தரை வேலை தெரியும். நான் கம்பளத்தை வாசலில் கொண்டுபோய்ப் போட்ட அன்றே வேலியோரம் வந்து, "கை வேணுமா ஆர்லன்" என்று கேட்டான். இந்த ஊர்ச் சட்டம் உனக்குத் தெரியும். முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இரண்டாம் தடவை உனக்கெதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும், மூன்றாம் தடவை, சரி நீ இவ்வளவு சொல்வதால் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை முறைப்படி வேண்டாம் என்றேன். மறுநாளும் கேட்டான். அப்போது நான் அந்த இரண்டடி ஓக்கை மட்டும் பார்த்திருந்த மிதப்பில், "உள்ள இருக்கிறது தரை இல்ல டுவேன், அரண்மனை. ஸ்வீடன் ராஜா பார்த்தா பொறாமைல செத்துடுவாரு. உன் பூட்ஸ் அது மேல பட வேண்டாம்" என்றேன். அதோடு போனவன், மூன்றாம் தடவை கேட்கவே இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று இரும்புச் சாமானையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே போட்டேன். இருமினேன். ஒரு பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் சமையலறை ஜன்னலுக்கு எதிரே மூன்று முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். டுவேன் உள்ளே இருந்து சந்தோஷமாகக் கையசைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். உதவி கேட்டுப் போவது நம் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை, உன் தாத்தா வீடு தீப்பிடித்தபோதுகூடத் தீயணைப்பு வண்டிக்காரர்களிடம், சும்மா இந்தப் பக்கம் வந்தீர்களா என்றுதான் கேட்டாராம். கால் மணி நேரம் காற்றைப் பற்றியும், ஏரி ஐஸைப் பற்றியும், அவன் லாரிக்கு எண்ணெய் மாற்றியதைப் பற்றியும் பேசினோம். காப்பி தீர்ந்துவிட்டது, இனிப் பேச ஒன்றுமில்லை. அப்புறம் சொல்லிவிட்டேன். "டுவேன், என்னால முடியல. கூடத்துல குழி கிடக்கு. இதை சரி பண்ணலன்னா மார்லிஸை அரிசோனாவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க." அவன் கோப்பையை வைத்துவிட்டு, "ஏன்யா, நீ சொல்றதுல பாதியை எப்பவும் கழிச்சிட்டுத்தான் கேப்பேன். அந்த ஒரு நாள்தான் பாவம் மனுஷன் பெருமைப்படுறானேன்னு முழுசா நம்பித் தொலைச்சேன்" என்று திட்டிக்கொண்டே கையுறையை மாட்டினான்.

பழைய உயர்நிலைப் பள்ளியை இடித்தபோது, கூடைப்பந்துக் கூடத்து மேப்பிள் தரையைப் பெயர்த்து எடுத்துவந்து, என்றாவது எதற்காவது ஆகும் என்று பதினோரு வருஷமாகத் தன் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறான் டுவேன். அவன் மனைவி இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லியே அவனை வறுத்தெடுத்தாள். அளந்து பார்த்தோம். நம் குழியின் ஆழமும் அந்தப் பலகையின் கனமும் ஒரு மயிரிழை வித்தியாசத்தில் ஒன்று. செவ்வாய், புதன் இரண்டு நாளும் காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவிலும், சாப்பாட்டுக்குப் பிறகும் முட்டி போட்டே கிடந்தோம், என் முழங்கால்கள் என் பெயரில் புகார் எழுதிப் போட்டுவிட்டன. பழைய பெயிண்டைத் தேய்த்து எடுக்க நேரமில்லை, அதனால் மைதானத்துக் கோடுகள் எல்லாம் சீட்டுக்கட்டைக் குலுக்கியது மாதிரி கலைந்து கிடக்கின்றன, சிவப்பில் அரைச்சாண், நீலத்தில் ஒரு முழம், நடு வட்டத்தின் ஒரு துண்டு டிவிக்கு எதிரே. வியாழக்கிழமை டார்சி வந்தாள். பார்த்தாள். சிரிக்கவில்லை. வெறும் வாக்கரைச் சுவரோரத்திலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் தள்ளினாள், ஓக்கும் மேப்பிளும் சேர்கிற இடத்தில் குனிந்து உள்ளங்கையால் தடவினாள், மறுபடி தள்ளினாள். நானும் டுவேனும் சமையலறை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். "எங்க விடுதித் தரையைவிட இது சமமா இருக்கே, யாரு போட்டது" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் டுவேன், "ஸ்வீடன் ராஜா" என்றுவிட்டான்.

ஆகவே மகளே, நேற்று மத்தியானம் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடத்து வாசலில் நின்று தரையை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் அல்லவா, நான் ஒன்றும் சொல்லாமலே தெரிந்துகொண்டாள். "சமையல்கார ஷூவோட இது மேல ஏறக் கூடாதுன்னு அந்த கூடைப்பந்து கோச் என்னைச் சுவரோரமாவே சுத்தி நடக்க வெச்சாரு ஆர்லன்" என்றாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள், அதே வெள்ளை ஷூதான். அப்புறம் வாக்கரைத் தூக்கி வைத்து, நட்டநடுவில், சிவப்பு, நீலம், கறுப்பு எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு எதிர்ச்சுவர் வரைக்கும் போனாள். ஒன்பது நிமிஷம் ஆனது. லாவான் பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, பிளைட்டுக்கு நேரமாகிறது என்றாள். போகிறபோது என் காதில், "தரை நல்லாத்தான் இருக்கு, ஆனா நீ பஸ் ஓட்டப் போனா இவளை யாரு பார்த்துப்பாங்க" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். டார்சி கையெழுத்துப் போட்ட தாளின் கீழே ஒரு வரி இருக்கிறது, முதல் ஆறு வாரம் வீட்டில் சித்தி தனியாக இருக்கக் கூடாது. பள்ளி ஜூன் ஆறாம் தேதிதான் மூடுகிறது. காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் நான் இல்லை. இந்த வாரம் டுவேன் வந்து உட்கார்கிறேன் என்றான், ஒரே தடவைதான் கேட்டான், உடனே சரி என்றேன், பாவம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். ஆனால் சித்தியைக் குளிக்க வைக்க அவனை விட முடியாது, சீட்டாட்டத்தில் வேறு ஏமாற்றுகிறானாம். நீ போன மாதம் போனில், லீவு போட்டுக்கொண்டு வரட்டுமா சித்தப்பா என்று கேட்டாய், இங்கே எல்லாம் ராஜபோகம், ஒரு பெரிய படையே வேலை செய்கிறது, நீ வந்தால் நிற்க இடமில்லை என்றேன். படை என்று நான் சொன்னது என்னையும் ஒரு குறடையும். அடுத்த வாரமும் கேட்டாய், அப்போதும் உனக்கெதற்குச் சிரமம் என்றேன். நீ மூன்றாம் தடவை கேட்பாய் என்று இனிக் காத்திருக்க மாட்டேன். நான் கேட்கிறேன். ஒரு மாதத்துக்கு வா, பிரிட்டா. நேற்று ராத்திரி அவள் எழுந்தபோதெல்லாம் நானும் எழுந்து பின்னால் நின்றேன், எனக்குப் பயமாக இருக்கிறது, அவளிடம் சொல்லவில்லை. இந்தப் பத்தியில் எதையும் கழிக்க வேண்டாம்.

வர முடியாவிட்டால் அதையும் நேராகச் சொல்லிவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், வேறு வழி பார்ப்பேன். எப்படியானாலும் நீ எடுத்த காரியம் கைகூடட்டும், பென்குவின்கள் அசையாமல் நின்று எண்ணிக்கை கொடுக்கட்டும், குளிர் அண்டாமல், வயிறு வாடாமல், நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருக்க, நீ நூறு வருஷம் நன்றாக இரு என்று சித்தியும் நானும் இங்கிருந்தே உன் தலையில் கைவைத்து வாழ்த்துகிறோம். டிக்கெட் எடுத்தால் அந்தச் செய்தியை எனக்குச் சொல்லாதே, நேராகச் சித்திக்குப் போன் செய். நான் போய்ச் சொன்னால் நம்ப மாட்டாள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
சித்தப்பா ஆர்லன்