டீச்சர் சொன்ன கொப்புளம்

வெள்ளவத்தை
02.04.2025

அன்புள்ள மர்லியாவுக்கு,

உமது கடிதம் நேற்று வந்தது. வலக்கையால் தினமும் ஒரு பக்கம் எழுதச் சொன்ன அந்தப் பிசியோதெரபிப் பிள்ளைக்கு நன்றி. எழுத்து கோணல்தான். ஆனாலும் எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்துப் போத்தல்களில் இருபது வருஷமாக நீர் எழுதி ஒட்டிய பெயர்களை விட மோசமில்லை.

"நரம்பைத் தைத்து மூன்று மாதம், விரல் இன்னும் மரக்கட்டை மாதிரி. தைத்தது ஏன் வேலை செய்யவில்லை?" என்று கேட்டிருக்கிறீர். தைத்தது நரம்பின் உறையை மட்டும்தான். வெட்டுக்குக் கீழே இருந்த இழைகள் அழிந்துபோகும். மேலேயிருந்து புது இழை வளர்ந்து வரவேண்டும். அந்த இழையின் தாய்க்கலம், அதாவது அதைப் பெற்ற உயிரணு, இருப்பது கழுத்துப் பக்கம், முள்ளந்தண்டோரம். நுனி இருப்பது மணிக்கட்டில். நுனி நீளவேண்டுமென்றால் அதைப் போர்த்த மேலும் மேலும் மென்சவ்வு வேண்டும். தாய்க்கலம் அதைச் செய்து, சின்னச் சின்னக் கொப்புளங்களாக்கி, இழைக்குள்ளாலேயே அனுப்பும். நுனிக்கு வந்த கொப்புளம் அங்கே ஒட்டி, திறந்து, தன் தோலை இழையின் தோலாக்கிவிடும். ரசத்தில் மிதக்கிற இரண்டு எண்ணெய்ச் சொட்டுகள் தொட்டதும் ஒன்றாகின்றனவே, அப்படி. எந்தப் பக்கம் கொப்புளம் கூடச் சேருதோ, இழை அந்தப் பக்கம் திரும்பும். அப்படியே வழி தேடிப் போய், விரல் தோலோடு தொடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர். மாலை ஐந்து மணி நெரிசலில் கொழும்புக் காலி வீதியில் போகிற பஸ்ஸை விடக் கொஞ்சம் மெதுவு.

ஆகவே பொறுமையாக இரும். கொப்புளம் வர வர விரல் பிழைக்கும்.

ஜன்னலை மாற்றிவிட்டேன். இறுகிக் கிடந்த கண்ணாடியைத் திறக்க உம்மைக் கேட்டது நான்; அது உடைந்து உமது மணிக்கட்டை வெட்டியது. அதை நினைக்காத நாளில்லை. ஒருமுறை வந்து பாருமன்.

அன்புடன்,
ஜெகதீஸ்வரி


கொட்டாஞ்சேனை
10.04.2025

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

உங்கட சுகத்துக்குத் துஆச் செய்து எழுதுகிறேன். சந்தோஷமான செய்தி. கொப்புளம் வந்துவிட்டது!

சுட்டுவிரல் நுனியில், கடலை அளவில் ஒன்று. உள்ளே தண்ணீர் மாதிரி. நடுவிரலில் சின்னதாக இன்னொன்று. நேற்றுக் காலையில்தான் கண்டேன். ஒரு துளி நோவு இல்லை. மகள் ஷிம்னா மருந்தோடு வந்தாள், நான் விடவில்லை. "டீச்சர் எழுதியிருக்காங்க, இது நரம்பு வளர்ற கொப்புளம். கை வைக்காதே" என்று ஏசிவிட்டேன். "உம்மா, உங்களுக்கும் டீச்சருக்கும் விசர் பிடிச்சிருக்கு" என்கிறாள்.

ஒன்று கேட்கவேண்டும். அது திறந்து தோலோடு சேரவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். தானாகத் திறக்குமா, ஊசியால் நான் குத்திவிடவா? மே மாத முடிவுக்குள் நரம்பு நகராவிட்டால் காலிலிருந்து நரம்பெடுத்து இரண்டாவது ஒப்பரேஷன் என்று டொக்டர் சொன்னதை நினைத்தால் நித்திரை இல்லை. அபாயாவுக்கு ஒரு பொத்தான் தைக்கவும் ஷிம்னாவைக் கூப்பிடுகிறேன்.

ஜன்னலைப் பற்றி எழுதவேண்டாம். வேகமாகத் தள்ளியது நான்தானே. ஆனால் உங்கட வீட்டுக்கு வர இன்னும் மனம் வரவில்லை. குறை நினைக்கவேண்டாம்.

இப்படிக்கு,
மர்லியா


வெள்ளவத்தை
15.04.2025

அன்புள்ள மர்லியாவுக்கு,

தபால் பெட்டியில் கிடந்த உமது கடிதத்தை நேற்றுக் கண்டதும் போனில் கத்திவிட்டேன், மன்னியும். வருஷப் பிறப்பு நாளில் என்ன சண்டையென்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். நல்ல காலம், நீர் ஊசியை எடுக்கவில்லை. இன்றைக்கே ஷிம்னா உம்மைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னது ஆறுதல். போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

உமது விரலில் வந்தது சுடுதண்ணிக் கேத்தலோ சட்டியோ சுட்ட கொப்புளம். விரலுக்கு உணர்ச்சியில்லாததால் உமக்குத் தெரியவில்லை. நான் சொன்ன கொப்புளங்களில் நூறை வரிசையாக வைத்தாலும் ஒரு தலைமயிரின் தடிப்பு வராது. பாடப்புத்தகத்தில் அதற்குப் 'புடகம்' என்று ஒழுங்கான சொல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மனதில் நிற்காதென்று நான்தான் வருஷக்கணக்காகக் 'கொப்புளம்' என்று படிப்பித்தேன். "டீச்சர், சோதினையில பிள்ளையள் அப்படியே எழுதப் போகுதுகள்" என்று நீர் ஒருநாள் சொன்னீர். நான் சிரித்தேன்.

முதலில் என் ஜன்னல், இப்போது என் சொல். இரண்டும் உமது கையில்தான் வந்து விழவேண்டுமா? நீர் இங்கே வரத் தயங்குவதை இனிக் கேட்கமாட்டேன்.

ஜெகதீஸ்வரி


கொட்டாஞ்சேனை
17.04.2025

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

அழுதுகொண்டு எழுதினீர்களா? கடைசி வரியில் மை கலங்கியிருக்கு. முதலில் கண்ணைத் துடையுங்கள், பிறகு வாசியுங்கள்.

டொக்டர் விரலுக்கு மருந்து கட்டினார். ஏசினார். உங்கட முதல் கடிதத்தை நீட்டினேன். முழுக்க வாசித்தார். "இவங்க சொன்னது எல்லாம் சரி. ஒரு சொல்லுத்தான் சுட்டுப் போட்டுது" என்றார். பிறகு வந்த கையோடு பார்த்துவிடுவோமென்று என் உள்ளங்கையை விரலால் தட்டிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் கரண்ட் அடித்த மாதிரி விரலுக்கு ஓடியது. "ஆ!" என்றேன்.

"இது எத்தனை நாளா?"

பத்து நாளாக இருக்கு டீச்சர். வருத்தம் கூடுதாக்கும், சொன்னால் உடனே ஒப்பரேஷன் என்பார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கும்தான். அவர் சிரிக்கிறார். தட்டினால் கரண்ட் அடிக்கிற இடத்தில்தான் இழையின் நுனி நிற்குதாம். போன மாதம் மணிக்கட்டில் நின்றது. பேனையால் புள்ளி வைத்து அளந்தார். மூன்று சென்டிமீற்றர் நகர்ந்திருக்கு.

ஒப்பரேஷன் தேவையில்லை. கொப்புளம் வந்திராவிட்டால் மே மாதம் வரைக்கும் பயந்து செத்திருப்பேன். அதனால் உங்கட சொல்லை ஏசவேண்டாம்.

மர்லியா


கொட்டாஞ்சேனை
03.10.2025

அன்புள்ள டீச்சருக்கு,

இன்று காலை பிளேன்டீ ஊற்றிக் கோப்பையைத் தூக்கினேன். சுட்டது டீச்சர்! சுட்டுவிரல் நுனியில், சுள்ளென்று. கையை விட்டுக் கோப்பை விழுந்து உடைந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் தந்த நீலக் கோப்பை. ஷிம்னா ஓடி வந்தாள். நான் துண்டுகளுக்கு நடுவில் நின்று, "சுட்டுட்டுது, அல்ஹம்துலில்லாஹ், சுட்டுட்டுது" என்று சிரிக்கிறேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு குறை மட்டும். பெருவிரலைத் தொட்டால் சில நேரம் நடுவிரலில் தெரியுது. உங்கட இழை ஆட்களில் சிலர் பஸ் மாறி ஏறிவிட்டார்கள் போல. பழகப் பழகச் சரிவரும் என்கிறார் டொக்டர்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்கு வருகிறேன், இன்ஷா அல்லாஹ். புது ஜன்னலை நான்தான் திறப்பேன், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். எனக்கு ஒரு கோப்பை எடுத்து வையுங்கள். தேத்தண்ணியை ஆற்றவேண்டாம்.

உங்கள்
மர்லியா