ஒரு கிற்றாருக்கு இரண்டு கதிரை

இன்று காலை சைக்கிளின் பின் பிரேக் வயர் அறுந்துவிட்டது. நெளுக்குளம் சந்தியில் புதிது வாங்கிவந்து பழையதை உருவினேன். நுனி பிரிந்து, மெல்லிய கம்பி இழையொன்று விரலில் ஏறியது. கிறீஸும் துருவும் கலந்த மணம். வேலையை அப்படியே போட்டுவிட்டு முற்றத்தில் குந்திவிட்டேன். உனக்கு எழுதவேண்டும் என்று எத்தனையோ வருடமாக நினைத்து, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லித் தப்பியவன் நான். இன்று சாட்டு ஒன்றும் கிடைக்கவில்லை.

விசுவமடுவில் கிடுகால் வேய்ந்த கொட்டில்தான் அப்போது எங்களுக்குக் கோயில். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்தபோது மாதா சுரூபங்களோடு உழவு மிசினில் (டிராக்டரில்) ஏற்றிவந்த பழைய கிற்றார் ஒன்று அங்கே மூலையில் கிடந்தது. அதன்மேல் நம் இருவருக்கும் ஆசை. குறையும் ஆளுக்கொன்று இருந்தது. கடலில் வலையிலிருந்து மீன் கழற்றும்போது திருக்கை முள் ஏறியதில் உன் இடக்கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போயிருந்தன. கம்பியை அமத்த உன்னால் முடியாது. எனக்கு விரல்கள் நன்றாக இருந்தன, தாளம்தான் இல்லை.

"உன்ரை வலக்கை ஒரு நாளும் சொல்லுக் கேளாது மச்சான். நீ கோட்ஸைப் பிடி, நான் அடிக்கிறன்" என்றாய்.

அப்படித்தான் ஒரு வாங்கில் தோளோடு தோள் ஒட்டி இருந்து, ஒரே கிற்றாரை இரண்டு பேர் வாசிக்கத் தொடங்கினோம். கிற்றார் உன் மடியில். அதன் கழுத்து என் கையில். எந்த விரல் எந்தக் கம்பியில் என்று யாரோ கொப்பியில் கீறித் தந்த கட்டங்களைப் பார்த்து சி, எஃப், ஜி என்று மூன்று கோட்ஸ் பழகினேன். சியிலிருந்து ஜிக்கு ஒரு மாதிரிப் போய்விடுவேன். எஃப்தான் உயிரை வாங்கியது. சுட்டுவிரலைப் படுக்கவைத்து அமத்துவதற்குள் பாட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். அந்த இடத்தில் உன் கை மட்டும் ஒரு துளி தாமதிக்கும். நான் தடுமாறியது கேட்பவர்களுக்குத் தெரியாது. பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"அவசரப்படாதை. நீ வந்து சேருமட்டும் நான் நிப்பன்" என்பாய்.

எனக்கோ பொறாமை. ஆம், அதற்கு வேறு பெயர் வைக்க நான் தயாரில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் உன் கையைத்தான் மெச்சினார்கள். என்னை ஒருவர், "கிற்றாரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற பெடியன்" என்றார். அன்றிலிருந்து உனக்குத் தெரியாமல், நீ களப்புக்கு மீன்பிடிக்கப் போகும் நாட்களில், தனியே கிற்றாரை எடுத்து இரண்டு கையாலும் பழகினேன்.

நத்தார்ப் பண்டிகை வந்தது. பாடகர் குழுவை நடத்திய அக்கா என்னிடம்தான் கேட்டா. "ரெண்டு பேராயும் வாசிக்கலாம், தனியவும் வாசிக்கலாம். நீங்களே கதைச்சு முடிவெடுங்கோ."

நான் உன்னிடம் வந்து சொன்னது வேறு. "அக்கா ஒராள் போதும் எண்டு சொல்லுறா."

நீ கிற்றாரைத் துடைத்து மூலையில் சாத்தினாய். பிறகு, "அவா சொன்னாச் சரிதான். உனக்கு எஃப் வந்திட்டுதோ?" என்று கேட்டாய்.

"ஓம்."

"பிறகென்ன."

நத்தாருக்கு முதல் நாள் மாலை ஒரு கம்பி அறுந்தது. பொருளாதாரத் தடை இருந்த காலம். பிஸ்கற்றுக்கும் பற்றரிக்குமே வழியில்லை, கிற்றார்க் கம்பிக்கு எங்கே போவது? நீ உன் சைக்கிளைச் சரித்துப் பின் பிரேக் வயரை உருவி, ஒரு இழையைப் பிரித்துப் பூட்டிச் சுருதியும் கூட்டித் தந்தாய். விரலில் இரத்தம். "இனி நிப்பாட்டக் கால் இருக்குத்தானே" என்று செருப்பைக் காட்டிச் சிரித்தாய். அந்த நேரத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

காலைப் பூசைக்குப் போனால், அக்கா பீடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை போட்டுவைத்திருந்தா. நீ வருமுன் மற்றக் கதிரையை அப்புறப்படுத்த நேரமில்லை. என் பாட்டுக் கொப்பியை அதில் வைத்தேன், அதற்காகவே போட்டது போல. நீ உள்ளே வந்தாய். இரண்டு கதிரையையும் பார்த்தாய். என்னையும் பார்த்தாய். பின்வரிசையில் போய் இருந்தாய்.

இரண்டாவது பாட்டில் எஃப் என்னைக் கைவிட்டது. சுட்டுவிரல் வழுக்க, வலக்கை தறிகெட்டு ஓட, பாடியவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாரோ வாங்கில் உள்ளங்கையால் தட்டினார்கள். மெதுவாக, நிதானமாக. முதலில் பின்வரிசை அந்தத் தட்டலோடு சேர்ந்தது, பிறகு முழுக் கோயிலும். எஃப் வரும் இடத்தில் அந்தக் கை ஒரு துளி தாமதித்தது. என் விரல்கள் போய்ச் சேர்ந்தன.

வெளியே வந்ததும், "எஃப் வந்திட்டுது எண்டாய்?" என்று என் தோளில் இடித்தாய். கதிரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ இலகுவாக இருந்திருக்கும்.

மாசியில் உனக்கு மலேரியா. பார்க்க வந்தேன். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, "காய்ச்சல் விடட்டும், திரும்பப் பழகுவம்" என்றாய். சொல்லத்தான் வந்தேன். ஆறுதலாகச் சொல்லலாம் என்று எழும்பிப் போய்விட்டேன். நான்கு நாளில் நீ இல்லை. செத்த வீட்டில், வேலியில் சாத்தியிருந்த உன் சைக்கிளில் பின் பிரேக்குக்கு வயர் போடப்படாமலே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

இப்போது எஃப் எனக்கு நன்றாக வரும். கண்ணை மூடிக்கொண்டே பிடிப்பேன். ஆனாலும் அந்த இடத்தில் என் வலக்கை தானாக ஒரு துளி நிற்கிறது. தாளம் பிசகுகிறது என்று இங்கே பாடுகிறவர்கள் குறை சொல்கிறார்கள். நான் திருத்தவில்லை. அது உன் கை.

மச்சான், அக்கா அப்படிச் சொல்லேல்லையடா. நான்தான் சொன்னனான்.