மூன்றாம் அடியில் நின்றது

மேற்கு நேபாளம், மலை முகாம்
மங்சிர் 12, விக்ரம ஆண்டு 2059

அன்புள்ள தில்குமாரிக்கு,

நான் காயமின்றி இருக்கிறேன். மகளுக்குச் சளி குறைந்ததா? தபாலில் போட்டால் பிரித்துப் பார்ப்பார்கள் என்று விடுப்பில் ஊருக்கு வரும் என் படைத்தோழன் கேசரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நடவு வயலில் நீ வழுக்கி விழுந்து சிரித்ததை வைத்துக் கட்டினேனே ஒரு பாட்டு, ரேடியோவில்கூட வந்ததே, அதன் கடைசி அடியை மாற்றி மாவோயிஸ்டுகளும் பாடுகிறார்கள். முகாமில் ஒரே கேலி. “ஏய் கவிராயா, நம்ம சோத்தத் தின்னுட்டு அவனுங்களுக்குப் பாட்டுக் கட்டுறியா?” என்றார் சுபேதார். நானும் சிரித்தேன். உள்ளூரப் பெருமைதான்.

போன செவ்வாய் காலை ரோந்து போனோம். ஒரே பனிமூட்டம். எதிர்ச்சரிவில் ஒரு பெண் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே இறங்கி வந்தாள். மூன்றாம் அடியில் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். நீ எப்போதும் விட்டுவிடுவாய். அவள் பிடித்தாள். குரல் வரும் பக்கம் சுடச் சொன்னார்கள். எல்லோரும் சுட்டோம் என்றுதான் எழுத நினைத்தேன். உன்னிடம் எதற்குப் பொய்? முதலில் வெடித்தது என் துப்பாக்கி.

போய்ப் பார்த்தேன், குண்டடி பட்டுக் கிடந்தாள். பதினேழு வயது இருக்கும். தோளில் பழைய துப்பாக்கி. தண்ணீர் கொடுத்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், பாட்டை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

“நாங்க எல்லாரும் பாடுவோம், அண்ணே. எழுதினது ஒரு சிப்பாய்னு சொல்றாங்க. பொய்யி. சிப்பாய்க்கு எப்படி இப்படி வரும்?”

“ஆமா, பொய்தான்” என்றேன்.

பிறகு அவள் பேசவில்லை. பெயரையாவது கேட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து சாப்பிடும்போதும், காவலில் நிற்கும்போதும் அந்தப் பாட்டு கேட்கிறது. மூன்றாம் அடி வரைதான். நான்காவதற்காகக் காத்திருக்கிறேன், வருவதில்லை. நானே சொல்லிப் பார்க்கலாம் என்றால், நான் எழுதிய அடி எனக்கே நினைவில் இல்லை.

மகளுக்கு முதல் சோறு ஊட்டும் நாளுக்குப் புதுப் பாட்டு கேட்டிருந்தாய். என்னிடம் ஒரு சொல்கூட இல்லை, கோபித்துக்கொள்ளாதே. அன்று நீயே ஏதாவது பாடு. வளர்ந்து அப்பா யாரென்று அவள் கேட்டால், சிப்பாய் என்று மட்டும் சொல். மற்றதைச் சொல்லாதே.

அவள் நன்றாக இருக்கட்டும். மலைச்சரிவில் வாய்விட்டுப் பாடட்டும். பாடி முடிக்கும்வரை யாரும் அவளை நிறுத்தாதிருக்கட்டும்.

உன்
நந்தபீர்