செம்பின் மேல் சுமத்திய பழி

மூடுபனி கலையாத ஏழு பள்ளத்தாக்குகளையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் வேய்நாட்டுக் கோமான் பொலந்தார்வேள் திருவுளப்படி, ஆவிப்பொறி ஆலைக்கு அமைச்சனாகிய ஆதன் நெடுங்கோ வரையும் ஓலை.

செங்குவட்டு மலைச் செம்புச் சுரங்கத்துக்கு உரியவரும் முந்நூறு குடிகளுக்குத் தலைவருமாகிய எயினங்கோ காண்க. நும் மலையில் வேங்கை பூக்க. நும் குடிகளின் உலை பொங்க. சுரங்கத்துள் புகுந்த வெள்ளம் விரைந்து வடிக.

அவ்வெள்ளத்தை இறைக்கவல்ல பொறிக்குச் செம்பு வேண்டும். செம்போ வெள்ளத்தின் அடியில் கிடக்கிறது. நும் கிடங்கில் எஞ்சியதைக் கேட்டு எம் பொறித்தலைவி மருதி வந்தபோது, ஈயம் கலப்பவன் என்று நும்மைப் பழித்தவளுக்கு நும் மலையில் ஒரு தகடும் இல்லை என்று சொல்லி வாயிலை அடைத்தீர். அடைத்தது முறையே. பொறியின் முதற் கொப்பரை வெடித்த நாளில், நும் செம்பைக் குறைகூறி நாற்பது தகடுகளை அவள் திருப்பி அனுப்பினாள். அந்த ஓலைக்கு முத்திரை இட்டவன் யானே. பழியில் பாதி என்னது.

வாயில் அடைத்தபின் அவளுக்கு நேர்ந்ததை நீர் அறியீர். மேகம் தரையில் தவழும் மலைவழியே, தான் நடக்கிறாளா, வழிதான் தன்னைக் கடந்து போகிறதா என்று தெரியாமல் மூன்று நாள் இறங்கினாள். கடல் வணிகரோ, காற்றுத் திரும்பும் வரை செம்பு கொணரும் கலம் வாராது என்றனர். கோமான் அது கேட்டு, தம் பள்ளியறைக் கூரையின் செம்போடுகளைப் பெயர்க்கப் பணித்து, இனி விண்மீன்களாவது கண்ணில் படட்டும் என்று நகைத்தருளினார்.

பெயர்த்த ஓடு ஒன்றை மருதி புரட்டினாள். அதன் அடியில் நும் மலையின் இரட்டைக்குவட்டு அடையாளம் இருந்தது. நூறு மாரியும் நூறு கோடையும் தாங்கிய அந்த ஓடு, அவளது உலையில் காய்ச்சித் தட்டியதும் அப்பளமாய் நொறுங்கியது. ஆட்கள் அஞ்சி விலக, அவள் மட்டும் தழலின் முன் அமர்ந்தாள். உலைக்குள் ஒரு செந்நிற ஊர் எரிந்து அணைந்து எரிவதாகத் தனக்குத் தோன்றியதென்றும், அந்த ஊரில் காற்று ஒருகணமும் ஓயவில்லை என்றும் பின்னர் என்னிடம் கூறினாள். காற்று அவளுடையது. தான் பெருமையோடு அமைத்த நீர்ச்சக்கரத் துருத்தியே செம்பை அளவுக்கு மிஞ்சிக் கருக்கியது என்று அப்போது அறிந்தாள்.

மறுநாள் நிறைந்த அவையில், பிழை செம்பினது அன்று, தன்னுடையது என்று தலைதாழாமல் உரைத்தாள், உரைத்தபின் அழுதாள்.

அதன்பின் துருத்தியைப் பாதிக் காற்றில் நிறுத்தி, அந்தி நிறம் ஏறியதும் தகட்டை உலையிலிருந்து எடுத்தாள். செம்பு வெற்றிலைபோல் வளைந்தது. அன்றிலிருந்து இருபத்தேழாம் நாள் பொறி மூச்சுவிட்டது. அதன் வெண்ணாவி முற்றத்துப் பனியோடு கலக்க, பொறி இறைத்த அரண்மனைப் பொய்கை மெல்ல மெல்லக் கீழிறங்க, நிற்க நீரின்றி ஆம்பல்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

ஆகவே, கோமான் ஆணை இது. பொறி பன்னிரண்டு எருதுகள் பூட்டிய வண்டியில் நும் மலைக்கு ஏறி வருகிறது. அடிவாரச் சுனையருகே வண்டி நிற்கும். மருதி மட்டும் காவலின்றிக் கால்நடையாய் நும் வாயிலுக்கு வருவாள். ஆலையின் பொருட்டுச் செம்பு கேட்க அவளுக்கு அனுமதி இல்லை. மன்னிப்புக் கேட்கவே வருகிறாள். அதை ஏற்பதும் மறுப்பதும் நும் உரிமை. அதில் அரசு தலையிடாது. வாயில் திறவாதொழியினும் பொறி சுனையருகே நும் குடிகளுக்காக நிற்கும். அதை இயக்கும் முறை அறிந்த இருவர் உடன் இருப்பர்.

வேங்கை மரத்தடி முற்றத்தில், தேய்பிறை ஏழாம் நாள் முற்பகலில், கோமான் கேட்டுத் தலையசைக்க எழுதி, அரக்கு வைத்து விடுத்தோம். இவ்வாணை மலையினும் நிலைப்பதாக.